செயினுக்கு எண்ணெயா, மெழுகா?

சைக்கிள் செயின் எங்கே தேய்கிறது? நம் கண்ணுக்குத் தெரியும் வெளிப் பிளேட்டில் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தில் ஏறி மடங்கும்போது, உள்ளே இருக்கும் ‘பின்’ என்ற சிறு தண்டும் அதைச் சுற்றியுள்ள உள்பிளேட்டின் துளையும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. ஆகவே எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடம், பின்னைச் சுற்றி உருளும் சிறு குழலான ரோலருக்கு உள்ளே. வெளியே வழிகிற எண்ணெய் வீண், அதோடு கெடுதலும்கூட. அதில் தூசி ஒட்டும். தூசியும் எண்ணெயும் குழைந்து கரும்பசையாகும். அந்தப் பசை மெல்ல உள்ளே இறங்கி பின்னை அரம் போல அராவும். நம் ஊர்ச் சாலைகளில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் புழுதிதான். அதனால் எந்த மசகைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது தூசியை என்ன செய்யும் என்பதுதான்.

கையில் கிடைக்கும் எண்ணெய்களை முதலில் முடித்துவிடலாம். பல கடைகளில் வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலை ஒரு டப்பாவில் வைத்து பிரஷ்ஷால் தடவிவிடுவார்கள். அதில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும், வேண்டாம். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாக இறுகும். தையல் மெஷின் எண்ணெய் சுத்தமானது, உள்ளேயும் நன்றாக இறங்கும்; ஆனால் ரொம்ப மெல்லியது, சீக்கிரம் போய்விடும். பைக் செயினுக்கான ஸ்ப்ரே, வேகமாகச் சுழலும் செயினிலிருந்து தெறிக்காமல் இருப்பதற்காகவே பசைத்தன்மையோடு செய்யப்பட்டது. சைக்கிளில் அது தூசி பிடிக்கும் பொறி. 1953இல் அமெரிக்காவில் ஒரு ராக்கெட் ரசாயன நிறுவனம் உருவாக்கிய டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கான திரவம், அதன் பெயரே அதைத்தான் குறிக்கிறது. மழையில் நனைந்த செயினில் அடித்துத் துடைக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், கொஞ்ச நாளில் செயின் கீச்சிடத் தொடங்கும்.

முழு செயின் கவர் போட்ட பழைய கறுப்பு சைக்கிள் என்றால் இந்த விவாதமே தேவையில்லை. தூசி உள்ளே போக வழியில்லை, கியர் இல்லை, செயினும் அகலமானது. புதிய கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும், நிம்மதியாக ஓடும்.

சிக்கலெல்லாம் செயின் திறந்து கிடக்கும் கியர் சைக்கிளில்தான். இங்கே உண்மையான போட்டி இரண்டே இரண்டுக்கு: பாட்டிலில் வரும் செயின் லூப் (lube, அதாவது சைக்கிள் செயினுக்கென்றே செய்த மசகு), அல்லது உருக்கிய மெழுகு.

பாட்டில் லூப்பில் வெட், டிரை என இரண்டு வகை. ஃபினிஷ் லைன் என்ற பிராண்டில் பச்சை மூடி வெட், சிவப்பு மூடி டிரை. வெட் வகை கெட்டியாக நிற்கும், மழைக்கு அசையாது, தூசியை இழுக்கும். டிரை வகை தூசியைக் குறைவாக இழுக்கும், ஒரு நல்ல மழையில் கழுவிப் போகும். இரண்டிலும் போடும் முறைதான் பாதி வித்தை. செயினின் கீழ்ப்பகுதியில், உள்பக்கமாக, ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிக் கொஞ்ச நேரம் சுற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை துடைக்க வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தத் துடைப்பைத்தான். விலையுயர்ந்த லூப் வாங்கித் துடைக்காமல் விடுவதைவிட, சாதாரண லூப் வாங்கி நன்றாகத் துடைப்பது எவ்வளவோ மேல்.

மெழுகின் கதை வேறு. உருகிய மெழுகு ரோலருக்குள் புகுந்து, ஆறியதும் திடமாகிவிடுகிறது. வெளியே ஈரமே இல்லாததால் தூசி ஒட்ட இடமில்லை. செயினைக் கையால் தொடலாம், பேண்ட்டில் கறை படாது, சைக்கிளை ஃபிளாட்டுக்குள் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜீரோ ஃப்ரிக்‌ஷன் சைக்கிளிங் என்ற செயின் சோதனை நிறுவனத்தின் சோதனைகளிலும், செயின் தேய்மானத்தைக் குறைப்பதில் உருக்கிய மெழுகு வகைகள் முன்வரிசையில் நிற்கின்றன.

ஆனால் முதல் முறை நிஜமாகவே வேலை வாங்கும். புதுச் செயினில் கம்பெனி பூசிய கிரீஸ் இருக்கும். அது துளி மிஞ்சினாலும் மெழுகு உள்ளே பிடிக்காது. பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் செயினைப் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். திரவம் தெளிவாக வரும்வரை மாற்ற வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் ஒரு முறை அலசிக் காயவிட வேண்டும். அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சில நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

மெழுகு, நிறமோ வாசனையோ சேராத வெள்ளை பாரஃபின் ஆக இருக்க வேண்டும். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே பாரஃபின் மெழுகு தயாராகிறது, நமக்கு இது அரிய சரக்கு அல்ல. நேரடித் தீயில் உருக்கவே கூடாது. அளவுமீறிச் சூடானால் மெழுகு தீப்பிடிக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பழைய பாத்திரத்தில் மெழுகு. இப்படிச் செய்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது. செயினை அதில் மூழ்கவிட்டு, செயினும் அதே சூட்டுக்கு வந்து குமிழி வருவது நின்றதும், கம்பியால் தூக்கித் தொங்கவிட்டால் சில நிமிஷத்தில் குச்சி போல விறைத்துவிடும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கித் தளர்த்தி மாட்ட வேண்டும். முதல் சவாரியில் வெள்ளைத் துகள் உதிரும், பயப்பட வேண்டாம்.

அடுத்த முறை இவ்வளவு பாடு இல்லை. சுமார் 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கொதிநீர் ஊற்றிப் பழைய மெழுகைக் களைந்து, காயவைத்து, மறுபடி முக்கினால் போதும். ஆனால் செயினைக் கழற்ற குயிக் லிங்க், அதாவது கழற்றி மாட்டக்கூடிய இணைப்புக் கண்ணி வேண்டும். 11, 12 ஸ்பீடு (பின்சக்கரத்தில் 11 அல்லது 12 பல்சக்கரம் உள்ள சைக்கிள்) குயிக் லிங்க்குகளை ஒருமுறைக்கு மேல் மாட்டக் கூடாது என்று சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் சொல்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தவென்றே செய்த லிங்க்குகளும் உண்டு, மெழுகுக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மெழுகின் பெரிய பலவீனம் மழை. நனைந்த செயினை அப்படியே விட்டால் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை உப்புக் காற்றில் இன்னும் வேகமாக. நனைந்த அன்றே துடைத்துக் காயவைத்து மறுபடி முக்க முடியாதவர்கள் மழைக்காலத்தில் மெழுகைத் தொட வேண்டாம். இடைவழியாக நீரில் கலந்த சொட்டு மெழுகு இருக்கிறது, ஸ்குவர்ட் என்ற பிராண்டு போல. செயினைக் கழற்றத் தேவையில்லை, ராத்திரி போட்டால் காலையில் காய்ந்திருக்கும். உருக்கிய மெழுகு அளவுக்கு உள்ளே சுத்தமாக இராது, எண்ணெயைவிட நிச்சயம் சுத்தம்.

எதைப் போட்டாலும் தேய்மானத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஓர் அங்குலம் கூடினால் அரை சதவீதத் தேய்மானம்; 11, 12 ஸ்பீடுக்கு அப்போதே புதுச் செயின். அதற்குக் கீழான கியர்களுக்கு 0.75 சதவீதம்வரை போகலாம். அதையும் தாண்டி ஓட்டினால் கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின்) பல்லும் சேர்ந்து தேயும், அந்தச் செலவு செயினைப் போலப் பல மடங்கு.

சென்னையில் தினமும் கியர் சைக்கிள் ஓட்டுபவருக்கு என் பரிந்துரை இது: ஜனவரி முதல் செப்டம்பர் வரை மெழுகு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் வெட் லூப். மெழுகிலிருந்து எண்ணெய்க்குப் போவது சுலபம். எண்ணெயிலிருந்து திரும்புவதற்குத்தான் டர்பன்டைன் கழுவல் முழுதாக வேண்டும், அதைப் பொங்கல் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு மணி நேரம்கூடச் செயினுக்கு ஒதுக்க முடியாதவர் வெட் லூப்பும் பனியன் துணியுமாக வருஷம் முழுக்க இருக்கலாம், அது குறைவான வழியே அல்ல. இரண்டு பருவமழையும் பெய்யும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கும் அதுவே பொருந்தும்.