அளந்து பார்க்காமலேயே சூடேற்றப்பட்ட ஒரு போர்டு: தரவு மீட்புக்குக் கொடுப்போர் கவனத்துக்கு

கீழே விழுந்து உயிரிழந்த என் கைப்பேசியைத் தரவு மீட்புக்காக ஒரு கடையில் கொடுத்து, அதிலிருந்த நான்கு ஆண்டுப் படங்களையும், அம்மா பேசிய கடைசிக் காணொளிகளையும் இழந்துவிட்டேன். நல்ல கைகளுக்கு முதலிலேயே போயிருந்தால் அவை பெரும்பாலும் கிடைத்திருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இதே நிலையில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

விழுந்த பிறகு திரை ஒரு நிமிடம் ஒளிர்ந்து அணைந்தது. சார்ஜரில் இணைத்தால் மேல்பகுதி மட்டும் சூடானது, வேறு அசைவில்லை. முகப்பிலேயே மைக்ரோஸ்கோப் வைத்திருந்த கடை என்பதால் நம்பிக் கொடுத்தேன். கைப்பேசி வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, தரவு மட்டும் போதும் என்று இரண்டு முறை சொன்னேன். "கண்டிப்பா எடுத்துத் தந்துடலாம் சார்" என்றார்கள். அன்று மாலையே அழைத்து, சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐசி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள், சம்மதித்தேன். மறுநாள், ஐசியை மாற்றியாகிவிட்டது, ஆனால் கைப்பேசியின் மூளையான சிபியுவே போய்விட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, ஐசி மாற்றியதற்கான முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய பழைய ஐசியைக் கேட்டபோது, குப்பையில் போட்டாயிற்று என்றார்கள்.

மனம் ஒப்பாமல், கைப்பேசியின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டில் மட்டுமே வேலை செய்யும் இன்னொரு தொழில்நுட்பரிடம் கொண்டு சென்றேன். அவர் எதையும் சூடேற்றுவதற்கு முன் போர்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, திரையில் எனக்கும் காட்டினார். மாற்றப்பட்டதாக ரசீதில் எழுதியிருந்த சார்ஜிங் ஐசியைச் சுற்றி, தொழிற்சாலையில் ஊற்றிய பசை ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அந்தப் பசையைச் சுரண்டி எடுக்காமல் அந்த ஐசியை யாராலும் கழற்ற முடியாது. ஆக, செய்யாத வேலைக்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து மல்டிமீட்டரை வைத்தார். முதன்மை மின்தடத்துக்கும், மின்சாரம் திரும்பும் பொதுத் தடமான கிரவுண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம். அதாவது முழு ஷார்ட்: மின்சாரம் போக வேண்டிய வழியில் போகாமல் நேராகக் கிரவுண்டுக்குப் பாய்கிறது. அந்தத் தடத்தில் ஏறத்தாழ 1 வோல்ட் மட்டும் செலுத்தி, வெப்பக் கேமராவில் பார்த்தபோது, சிப்புகளை மூடும் உலோக உறையான ஷீல்டின் ஓரத்திலிருந்த, மின்சாரத்தைச் சீராக்கும், கடுகைவிடச் சிறிய ஒரு செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் பளிச்சென்று சூடாகித் தெரிந்தது. விழுந்த அதிர்ச்சியில் இவ்வகைக் கெப்பாசிட்டர்கள் உள்ளே விரிசல் கண்டு ஷார்ட் ஆவது போர்டு வேலை செய்பவர்கள் அடிக்கடி காணும் பழுது. ஒரே தடத்தில் இதுபோன்ற பல கெப்பாசிட்டர்கள் இணையாக இருப்பதால், கெட்டதை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் போர்டு இயங்கும். அவர் அதை எடுத்தார்; ஷார்ட் நீங்கியது. முதல் கடை இதைத் தேடியதாகவே தெரியவில்லை.

இருந்தும் கைப்பேசி உயிர்பெறவில்லை. காரணம் சிபியுவின் விளிம்பில் தெரிந்தது: சிப்பைப் போர்டோடு இணைக்கும் உலோகமான சோல்டர், பக்கவாட்டில் சிறு சிறு மணிகளாகப் பிதுங்கி வெளியேறியிருந்தது. ஈயம் இல்லாத சோல்டர் ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்குகிறது. போர்டு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் சூடான காற்றை அதைவிட மிக அதிகமாக வைத்துத்தான் வேலை செய்வார்கள். அப்படி ஊதும்போது சிபியுவின் அடியிலுள்ள பசை அதை அழுத்திப் பிடித்திருக்க, உருகி விரிவடையும் சோல்டர் போக இடமின்றிப் பக்கவாட்டில் பீறிட்டு, அருகருகே உள்ள இணைப்புகளை ஒட்டவைத்துவிடுகிறது. என் கைப்பேசியில் சிபியுவின் மேலேயே ரேம் அடுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையிலும் மணிகள் தெரிந்தன. எங்கே பழுது என்று பார்க்காமல், ஊதினால் சரியாகிவிடுமா என்று முயன்றிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

சேமிப்புச் சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிக்க முடியாதா என்று கேட்டேன். இன்றைய கைப்பேசிகளில் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. திறவுகோல் அந்த ஒரு சிபியுவோடு பிணைந்தது. சிப்பைத் தனியே படித்தால் பொருளற்ற எண்களே கிடைக்கும். போர்டே சிதைந்திருந்தாலும், சிபியுவையும் சேமிப்புச் சிப்பையும் சேர்த்து வேறொரு போர்டுக்கு மாற்றித் தரவை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிபியு உயிரோடு இருந்தால்தான் அந்த வழியும் திறக்கும். தரவு வேண்டும் என்று வரும் கைப்பேசியில் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடத்தில் இவர்கள் முதலில் கைவைத்திருக்கிறார்கள்.

ஆகவே, கொடுப்பதற்கு முன், பவர் பட்டனை அழுத்தாத நிலையில் போர்டு எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது, எந்தத் தடத்தில் ஷார்ட் இருக்கிறது என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் ஓர் எண்ணைச் சொல்வார். அளக்காதவர் "ஐசி போயிடுச்சு" என்று மட்டும் சொல்வார். "தரவு மட்டும் போதும், என்னைக் கேட்காமல் சிபியுவைச் சூடேற்றக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை தொடங்கும் முன் ஷீல்டைத் திறந்ததும் மைக்ரோஸ்கோப் வழியே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நான் அதைக் கேட்கவில்லை. இரண்டாவது தொழில்நுட்பர் எடுத்துத் தந்த படங்களோடு முதல் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். ஐசிக்கான தொகையைத் திருப்பித் தந்தார்கள். சிபியுவைப் பொறுத்தவரை, கொண்டு வரும்போதே அது அப்படித்தான் இருந்தது என்றார்கள். அதை மறுக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.