தமு எல்லையில் ஒரு அத்தோ கடை

மணிப்பூரை ஒட்டிய மியான்மர் ஊர் தமு. அதன் சந்தைக்குப் பின்னால் நாலு மேசை போட்ட தமிழ்க் கடை. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலவையில் வறுத்த பூண்டு மணக்கிறது. புளிக்கரைசல்தான் கொஞ்சம் நீர்த்துவிட்டது. வாழைத்தண்டு சூப்பை இரண்டாவது கிண்ணமும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.

கடைக்கார அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லைக் கதை வரும். 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கியதும் நம்மவர்கள் கப்பலேறிச் சென்னை போனார்கள். அங்கே ஒட்டாமல் மணிப்பூர் வழியாகத் திரும்ப வந்தவர்களை எல்லையில் தடுக்க, அந்தப் பக்கம் இந்திய ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள்.

“பெரியப்பா அங்கே, நாங்கள் இங்கே, நடுவில் ஒரு பாலம்” என்றார் அக்கா, அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் திணித்தபடியே.

மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொய்ங்கா காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிடுமாம். எனக்குக் கிடைக்கவில்லை.