கண்ணாடிக் கட்டிக்குள் கலியாணப் படம்: வாங்கலாமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் பரிசாகக் கொடுக்கிற, கண்ணாடிக்குள் லேசரால் புள்ளி புள்ளியாகச் செதுக்கிய முப்பரிமாணப் படக் கட்டியைப் பற்றியது இது. 5×5×8 சென்றிமீற்றர் அளவில் ஒரு முகம், மிஞ்சினால் இரண்டு முகம் என்றால் தாராளமாக வாங்கலாம். சாவிக்கொத்து அளவு வேண்டாம். கட்டி சிறுத்தாலும் புள்ளியின் பருமன் சிறுக்காது; புள்ளிகளின் தொகைதான் குறையும், கண்ணும் மூக்கும் கலங்கிவிடும்.

உள்ளே இருப்பது மை இல்லை, நுண்ணிய வெடிப்புகள். 532 நனோமீற்றர் பச்சை லேசர் அந்தக் கண்ணாடிக்குள் தடையில்லாமல் போய்வரும். அதன் ஒரு போட்டனிடம் (ஒளித் துணிக்கையிடம்) 2.33 இலத்திரன்வோல்ற்று சக்திதான் உண்டு. கண்ணாடியில் கட்டுண்ட இலத்திரனை விடுவிக்க நாலுக்கு மேல் வேண்டும். ஆனால் சில நனோசெக்கன் துடிப்பை வில்லையால் குவித்து, சதுரச் சென்றிமீற்றருக்கு ஆயிரம் கோடி வாற்றுக்கு மேல் செறிவு வரச் செய்தால், போட்டன்கள் சேர்ந்து தாக்கி இலத்திரனைப் பிடுங்கிவிடும். (இரண்டு போட்டனை ஒரேயடியாக உறிஞ்சலாம் என்று பௌதிகவியலாளர் மரியா கோப்பெர்ட் மேயர் 1931 இலேயே கணக்குப் போட்டிருந்தார், லேசர் வந்தது 1960 இல்.) கழன்ற இலத்திரன் இன்னும் ஒளியை வாங்கி வேகமெடுத்து அயலில் மோத, ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். அவ்விடம் பிளாஸ்மாவாகி (மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாகி) விரிய, கண்ணாடி வெடித்து வெள்ளைப் புள்ளி விழும். குவியத்துக்கு வெளியே இந்தச் செறிவு கிடையாது. அதனால்தான் மேற்பரப்பில் கீறலே இல்லை.

பலகையும் அக்றிலிக்கும் வெட்டுகிற 10.6 மைக்ரோன் அலைநீள லேசர் மெசினில் இது நடக்காது. அந்த ஒளியைக் கண்ணாடியின் மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்ளும். வெளியில் சொரசொரப்புத்தான் மிஞ்சும்.

கூடுதலாகப் பிழை வருவது படத்தில். வெளிச்சமான இடத்துக்குக் கூடிய புள்ளி, இருட்டுக்குப் புள்ளியே இல்லை. வெள்ளை வேட்டி, சரிகைச் சாறி எல்லாம் புள்ளி நெருங்கி ஒரே வெள்ளைத் திட்டாகும்; மிக நெருங்கினால் வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடுத்துக் கட்டியே பிளக்கும். கறுத்த பின்னணியில் கருங்கூந்தல் காணாமல் போகும். பக்கவாட்டு வெளிச்சத்தில், நடுத்தர நிற உடுப்போடு எடுத்த படம் கொடுங்கள். ஒற்றைப் படத்திலிருந்து ஆழத்தை மென்பொருள் ஊகிப்பதால் மூக்குக்கண்ணாடி போட்ட முகம் பக்கவாட்டில் கோணலாகத் தெரியலாம். செதுக்க முன் மாதிரியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

செதுக்குகிறவர் லேசருக்குத் தூரமான அடுக்கில் தொடங்கவேண்டும். கிட்டவுள்ள அடுக்கை முதலில் போட்டால் அந்தப் புள்ளிகளே ஒளியைச் சிதறடித்து, பின் அடுக்குகள் மங்கும். கட்டியில் விரலடையாளமோ தூசியோ இருந்தால் ஒளி உள்ளே சேர முன் மேற்பரப்பே வெடிக்கும்.

வாங்கும்போது தராசில் வையுங்கள். மேலே சொன்ன அளவு கண்ணாடி என்றால் அரைக் கிலோ வரும். 240 கிராம் அளவில் நின்றால் அது அக்றிலிக். உருண்டை வடிவத்தை யன்னலோரம் வைக்கவேண்டாம், வெயிலைக் குவித்துத் துணியைப் பற்றவைக்கும். லைற் ஸ்ராண்டுக்குக் காசு கொடுப்பது வீண். கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் அதன் இணைப்புகள்தான் முதலில் துருப்பிடிக்கும். கறுத்த துணிக்கு முன்னால் வைத்தாலே முகம் எடுப்பாகத் தெரியும்.