கடலடி அறை: ஸ்டிக்கரா, பெயின்றா?

மகளுக்குத் தன் அறைச் சுவரில் கடலடி உலகம் வேண்டுமாம். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட.

ஸ்டிக்கர் என்றால் ஒரு மத்தியானத்தில் வேலை முடியும். நாளைக்கு டைனோசர் ஆசை வந்தால் மாற்றிவிடலாம். ஆனால் கொழும்பின் ஈரக்காற்று பசையை விட்டுவைக்காது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் முதலில் திமிங்கிலத்தின் வால் கழன்றது. அப்புறம் மீனெல்லாம் கட்டிலுக்குக் கீழே. உரித்த இடத்தில் பழைய பெயின்றும் சேர்ந்து வந்தது, வீட்டுச் சொந்தக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.

பெயின்றில் வரைய செலவும் நாளும் கூட. ஆனால் கழுவக்கூடிய இமல்ஷன் (தண்ணீர் கலந்த சுவர்ப் பெயின்ற்) என்றால் கிறுக்கலை ஈரத்துணியால் துடைக்கலாம். சுவர் கசிந்தால் இரண்டும் வீண்.

சொந்த வீடென்றால் தூரிகைதான் என் தெரிவு. வாடகையென்றால் ஸ்டிக்கர், அதுவும் மழை அடிக்காத உட்சுவரில் மட்டும்.