அமைதிக் கூடமா, குழுப் படிப்புத் தளமா?

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தக அடுக்குகள் அகற்றப்பட்டு ஒரு தளம் காலியாகும்போது, அதை அமைதியான வாசிப்புக் கூடமாக்குவதா, மாணவர்கள் கூடிப் பேசிப் படிக்கும் பொதுத் தளமாக்குவதா என்ற கேள்வி எழுகிறது. கட்டடத்தின் வலிமை இரண்டுக்குமே இடம் கொடுக்கும். அமெரிக்கச் சுமைத் தரநிலையின்படி அடுக்குகள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 7.2 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 730 கிலோ எடை) தாங்குதிறன் வேண்டும், வாசிப்பு அறைக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

சிக்கல் ஒலியில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சின் அளவு ஏறத்தாழ 60 டெசிபல். ஆழ்ந்து படிப்பவருக்கோ 40-ஐ ஒட்டிய சூழல் வேண்டும். 10 டெசிபல் கூடினாலே ஒலி இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்றும் என்பதால், ‘பேசாதீர்’ என்ற அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. சுவரும் கதவும் தேவை.

குழுத் தளத்தின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சக்கரம் பொருத்திய மேசைகளை ஒன்றுசேர்த்து, வெண்பலகையில் ஒருவர் எழுதும் சமன்பாட்டை இன்னொருவர் அழித்துத் திருத்தும்போது நிகழும் கற்றல் தனிமையில் வாய்ப்பதில்லை. ஆனால் பேசிப் படிப்பதற்குக் காலி வகுப்பறையோ உணவகமோ கிடைத்துவிடும். நெரிசலான விடுதி அறையிலிருந்து வரும் மாணவிக்கு, மேசை விளக்கும் கைக்கெட்டும் மின் இணைப்பும் உள்ள சத்தமற்ற இருக்கை வேறெங்கே கிடைக்கும்? ஆகவே காலியான தளத்தை அமைதிக் கூடத்துக்கே ஒதுக்குவேன். குழுக்களுக்கு, நடமாட்டம் மிகுந்த நுழைவாயில் தளத்தில் கதவுள்ள சிற்றறைகளை அமைப்பேன்.