கூம்பா, தட்டையா, நம் ஃபில்டரா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் தினமும் இரண்டு விதமாகக் காபி இறங்குகிறது. அம்மா முதல் நாள் இரவே எவர்சில்வர் ஃபில்டரில் பொடியைப் போட்டு, குடை போன்ற தட்டால் லேசாக அழுத்தி, கொதிநீர் ஊற்றி வைத்துவிடுவார். நான் காலையில் கொட்டையை அரைத்து, வடிதாளில் இட்டு, மெல்ல நீர் ஊற்றி வடிக்கிறேன். இரண்டில் எது மேல் என்று கேட்பவரிடம், பால் சேர்ப்பீர்களா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

ஃபில்டரில் நிறையப் பொடியும் குறைந்த நீரும் நெடுநேரம் ஒன்றாக இருப்பதால்தான் டிகாஷன் பாலையும் சர்க்கரையையும் மீறி நிற்கிறது. வடிதாள் முறையில் 15 கிராம் பொடிக்கு ஏறக்குறைய 240 மில்லி நீர் ஊற்றுகிறோம். அதில் பால் விட்டால் காபி காணாமல் போகும். ஆனால் சிக்கமகளூரு அராபிகாவின் பழப் புளிப்பு, சிக்கரியும் பாலும் இல்லாத அந்தத் தெளிந்த வடியலில்தான் நாக்குக்குத் தெரிகிறது. கொட்டையின் எண்ணெயில் பெரும்பகுதியைக் காகிதம் பிடித்துவைப்பதும் அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம்.

பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு அடுத்த கேள்வி, வடிதாளைத் தாங்கும் வடிகலன் எது என்பது. ஹாரியோ நிறுவனத்தின் வி60, பெயருக்கேற்ப 60 பாகைக் கூம்பு. அடியில் ஒரே ஒரு பெரிய துளை இருப்பதால் நீரின் வேகத்தைக் கலன் கட்டுப்படுத்துவதில்லை, அரைப்பின் பருமனும் ஊற்றும் கையுமே தீர்மானிக்கின்றன. நான் தொடங்கிய புதிதில் ஒரு நாள் இரண்டு நிமிடத்தில் இறங்கி வெறும் புளிப்பாகவும், மறுநாள் ஐந்து நிமிடம் தேங்கிக் கசப்பாகவும் வந்தது. கலிட்டா நிறுவனத்தின் ‘வேவ்’ என்ற கலனின் அடிப்பாகம் தட்டையானது, அதில் மூன்று சிறு துளைகள். கை சற்றுத் தடுமாறினாலும் அது பொறுத்துக்கொள்கிறது. கை பழகிய பிறகு வி60 தரும் நறுமணம் ஒரு படி மேல் என்பது என் அனுபவம். அதன் வடிதாளும் எனக்கு எளிதாகக் கிடைக்கிறது. ஆயினும் புதியவருக்கு நான் தட்டையானதையே சொல்வேன். 1941-இல் பீட்டர் ஷ்லும்போம் உருவாக்கிய கெமெக்ஸ் கண்ணாடிக் குடுவை அழகானது, அதன் தாள் தடிமனானது. மூன்று நான்கு பேருக்கு ஒன்றாக வடிப்பவர் தவிர மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

எந்தக் கலனானாலும் முதலில் பொடியின் எடையைப் போல் இரு மடங்கு நீர் விட்டு, அது உப்பி அடங்க 40 விநாடி பொறுக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் நீர் ஏறக்குறைய 97 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், கொதித்தபின் ஆறவிடச் சொல்லும் குறிப்புகளை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. மெலிதாக வறுத்த கொட்டைக்கு அடுப்பிலிருந்து இறக்கியவுடனே ஊற்றலாம். நீரின் தன்மை இதைவிடவும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் புளிப்பை மழுங்கடித்துவிடும். அந்த நீரில் வி60-க்கும் கலிட்டாவுக்கும் வேறுபாடே தெரியாது. காவிரி நீர் வராத வீடுகளில் விலையுயர்ந்த கெட்டிலுக்கு முன் நீருக்கு வழி செய்வதே சரி.

ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். மாலையில் நால்வர் வந்துவிட்டால், ஒவ்வொரு கோப்பைக்கும் நான்கு நிமிடம் நின்று ஊற்றுவதைவிட, இறங்கியிருக்கும் டிகாஷனில் பாலைக் காய்ச்சி விட்டு டபராவில் ஆற்றித் தருவதே வந்தவர்களுக்கும் நிறைவு, நமக்கும் எளிது.