பின்னால் வந்து இடித்தால் தப்பு யார் மேல்? இரட்டை டேஷ்கேம் எதுவரை சாட்சி சொல்லும்

காரின் கண்ணாடியில் பொருத்திப் பயணத்தைப் பதிவு செய்யும் கேமராவான டேஷ்கேமை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே பார்ப்பது வேறு. முன்னால் 1440பி, பின்னால் 1080பி கூர்மை, வினாடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), ஜிபிஎஸ், அதிர்ச்சியை உணர்ந்து அந்த ஃபைலைப் பூட்டிவைக்கும் ஜி-சென்சார் உள்ள நடுத்தர வகை இரட்டை கேமரா, பின்னாலிருந்து இடிபடும் விபத்தில் தப்பு யாருடையது என்று நிரூபிக்க எந்த அளவுக்கு உதவும்?

இந்த வகை விபத்தில் தராசு முதலிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போதிய இடைவெளி விடுவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு என்பதால், இடித்தவர் மேல்தான் தப்பு என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் விசாரணை தொடங்கும். கணக்கும் அதற்குச் சாதகம். 60 கி.மீ வேகத்தில் கார் வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால் அதிலேயே 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீட்டர். சிக்னலில் நின்றுகொண்டிருந்த காரை ஒருவர் வந்து இடித்தால் கேமராவே தேவைப்படாது, நாலு போட்டோ போதும். கேமரா தன் காசுக்கு வேலை செய்வது விதிவிலக்குகளில்தான்: முன்னால் போனவர் ரிவர்ஸ் எடுத்தார், ஏற்றத்தில் பின்னால் உருண்டார், குறுக்கே புகுந்து உடனே பிரேக் அடித்தார், பிரேக் லைட் எரியவில்லை, மூன்றாவது கார் தள்ளிவிட்டது.

குறுக்கே புகுந்த வழக்கில் இடித்தவரின் முன் கேமராவுக்கு முழு மார்க். புகுந்த காரின் சக்கரம் லேன் கோட்டைத் தொட்ட ஃப்ரேமிலிருந்து அதன் பிரேக் லைட் எரிந்த ஃப்ரேம் வரை எண்ணினால் போதும். 30 ஃப்ரேம் ஒரு வினாடி. 18 ஃப்ரேம்தான் என்றால் 0.6 வினாடி, பிரேக்கை நோக்கிக் கால் நகர்வதற்கே அது போதாது. ‘இடைவெளி விடவில்லை’ என்ற குற்றச்சாட்டு அங்கே நிற்காது.

வேகத்தையும் இதே மாதிரி எடுக்கலாம். சாலையில் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பிறகு டேப் வைத்து அளந்து, அதைக் கடக்க எத்தனை ஃப்ரேம் ஆனது என்று பார்க்க வேண்டும். 9 மீட்டருக்கு 18 ஃப்ரேம் என்றால் மணிக்கு 54 கி.மீ. திரையில் அச்சாகும் ஜிபிஎஸ் வேகத்தைவிட இதுவே நம்பகமானது. காரணம், பல மாடல்களில் ஜிபிஎஸ் வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். பலமாக பிரேக் பிடிக்கும்போது ஒரே வினாடியில் 25 கி.மீ வேகம் இறங்கிவிடும். ஆகவே மோதிய கணத்தில் திரை 58 என்று காட்டினாலும் கார் அப்போது 35-க்கு வந்திருக்கக்கூடும். பிரேக் பிடித்தவரைப் பிடிக்காதவராகக் காட்டிக்கொடுக்கும் குறை இது. ஜிபிஎஸ்ஸுக்குப் பாதி மார்க்தான்.

எல்.இ.டி. விளக்கிலும் ஒரு பொறி உண்டு. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்கும் எல்.இ.டி. விளக்குகள் சில காரில் உண்டு. கேமராவின் ஷட்டர் அணைந்த கணத்தில் விழுந்தால், எரிந்த விளக்கு அந்த ஃப்ரேமில் அணைந்தே தெரியும். ஒரே ஒரு ஃப்ரேமை போட்டோவாக எடுத்து ‘பிரேக் லைட் எரியவில்லை பாருங்கள்’ என்று நீட்டினால், எதிர்த்தரப்பு அடுத்த ஃப்ரேமைக் காட்டிக் கவிழ்த்துவிடும். தொடர்ச்சியாகச் சில வினாடிகளைக் காட்ட வேண்டும்.

இனி இடிபட்டவர் பக்கம். பின் கேமரா கண்ணாடி வழியே வெளியே பார்க்கிறது, உங்கள் பிரேக் லைட்டை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் பின்கண்ணாடியின் உள்பக்கம் மேலே பொருத்திய மூன்றாவது பிரேக் லைட்டின் சிவப்பு, அந்திக்குப் பிறகு கண்ணாடியில் லேசாகப் பிரதிபலிக்கும். பொருத்தும்போது அந்தப் பளபளப்பை எரிச்சலாக நினைத்து மறைத்துவிடுகிறார்கள். மறைக்கக் கூடாது. பின்னால் வந்த காரின் பானெட்டில் படரும் சிவப்பும் அப்படியே. பிரேக் எப்போது மிதிக்கப்பட்டது என்பதற்கு உங்கள் பக்கம் பதிவாகும் தடயம் அதுதான்.

அகல லென்ஸ் என்பதால் பின்னால் வரும் கார் உள்ளதைவிடத் தள்ளி இருப்பதுபோல் தெரியும். இடைவெளியைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிக்கொடுக்க வேண்டாம், வினாடியில் சொல்லுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய பின்கண்ணாடியில் இரவுப் படம் பாதிக்கும் கீழே போய்விடும். பின் கேமராவில் ‘மிரர்’ அமைப்பு போட்டிருந்தால் நம்பர் பிளேட் இடவலம் மாறிப் பதிவாகும். பொருத்தியவுடன் அணைக்க வேண்டிய முதல் விஷயம் அது.

மூன்று கார் வழக்கில் நடுவில் மாட்டியவர் பாடுதான் திண்டாட்டம். தானே முன்னால் இடித்தாரா, பின்னால் வந்தவர் தள்ளியதால் இடித்தாரா? அவர் முன் கேமராவில் கார் அசையாமல் நின்று, பிறகு திடீரென முன்னால் துள்ளினால் விடை தெளிவு. ஓடிக்கொண்டிருந்திருந்தால் சத்தம் பேசும். முன் காரின் மைக்கில் ஒரே அடி கேட்டால், நடுக் கார் தள்ளப்பட்டதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டு அடி கேட்டால் நடுக் கார் முதலில் இடித்து, பின்னர் தள்ளவும் பட்டிருக்கலாம். மைக்கை அணைத்து வைப்பவர்கள் இந்தச் சாட்சியை இழக்கிறார்கள். காருக்குள் பேச்சைப் பதிவு செய்ய சம்மதம் கேட்கும் சட்டம் சில இடங்களில் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவிகள் சொதப்புவது பெரும்பாலும் மெமரி கார்டில். இரண்டு கேமராவும் சேர்ந்து வினாடிக்கு 32 மெகாபிட் எழுதினால் மணிக்கு 14 ஜிபிக்கு மேல், 64 ஜிபி கார்டு நாலு மணி நேரத்தில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். ஓயாமல் எழுதி அழிக்கும் வேலைக்கு என்றே ‘ஹை எண்டியூரன்ஸ்’ கார்டு இருக்கிறது, சாதாரணக் கார்டு சீக்கிரம் தேய்ந்து சத்தமில்லாமல் பதிவை நிறுத்திவிடும். ஜி-சென்சாரை மிக நுட்பமாக வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஃபைலைப் பூட்டிப் பூட்டியே இடத்தை அடைத்துவிடும். மந்தமாக வைத்தால் மெல்லிய இடியைக் கவனிக்காது. நடுநிலையில் வைத்து, இடித்ததும் கையால் பூட்டும் பட்டனை அமுக்குவதே வழி.

சார்ஜர் பிளக் மோதலில் தெறித்துவிட்டால் கடைசி ஃபைல் முடிக்கப்படாமல் நின்று திறக்காமல் போகும். உள்ளே பேட்டரிக்குப் பதில், கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ள மாடல், மின்சாரம் போன பிறகும் சில வினாடி தாக்குப்பிடித்து ஃபைலை மூடிவிடும். வெயிலில் உப்புவதும் இல்லை. இந்த ஒரு அம்சத்துக்காகவே 4கே மாடலைத் தள்ளிவைத்து இதை எடுக்கலாம்.

கேமரா கைவிட்டால் பம்பரைப் பார்க்க வேண்டும். பலமாக பிரேக் பிடித்த காரின் மூக்கு தாழும், ஆகவே அடி முன் காரின் பம்பருக்குக் கீழே விழும். இரண்டு பம்பரும் நேருக்கு நேர் பொருந்தினால், பின் கார் பலமாக பிரேக் பிடிக்கவில்லை அல்லது முன் கார் ரிவர்ஸில் வந்தது என்று சந்தேகிக்கலாம். டேப்பைத் தரையில் ஊன்றிக் கீறலின் உயரம் தெரியும்படி போட்டோ எடுத்தால்தான் இது செல்லும். ஏர்பேக் கணினியில் உள்ள பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய 5 வினாடி வேகத்தையும் பிரேக்கையும் வைத்திருக்கும். ஆனால் அது விழித்துக்கொள்ள 0.15 வினாடிக்குள் ஏறத்தாழ 8 கி.மீ வேக மாற்றம் தேவை. சிக்னல் இடிகள் பலவும் அதற்குக் கீழேதான்.

மோதிய பிறகு: வண்டியை ஓரம் கட்டும் முன் நின்ற நிலையில் போட்டோ, அதன் பிறகு மெமரி கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். மோதிய ஃபைலோடு அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் கணினியில் அப்படியே நகலெடுங்கள். வைஃபை செயலி சில மாடல்களில் தரம் குறைந்த நகலைத்தான் தரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் நசுங்கும், நேர விவரமும் போய்விடும். இன்சூரன்ஸ் சர்வேயருக்குப் பென்டிரைவில் கொடுங்கள். உங்களுக்கே பாதகமான காட்சி இருந்தாலும் வெட்டக் கூடாது, வெட்டிய வீடியோவில் மீதியையும் யாரும் நம்பமாட்டார்கள். திரையில் தேதி தவறாக ஓடியிருந்தால் போன் கடிகாரத்தையும் கேமரா கடிகாரத்தையும் ஒரே போட்டோவில் பிடித்து, எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.